தரையில படாத கால்

எலும்பு கரையும்னு எனக்குத் தெரியாது. உப்பு கரையும், சாயம் கரையும். எலும்பு உள்ள கல்லு மாதிரி அப்பிடியே கெடக்கும்னு தான் நெனச்சுக்கினு இருந்தேன். போன பங்குனியில டாக்டர் எக்ஸ்ரேவை லைட்டு மேல சொருகி காமிச்சப்போ தான் பாத்தேன். என் எடது கால் எலும்பு வெள்ளையா, கெட்டியா தெரியுது. வலது கால் தொடை எலும்பு புகை மாதிரி இருக்குது. நடுவுல போட்டிருந்த பிளேட்டும் ஸ்க்ரூவும் மட்டும் பளிச்சுன்னு இருக்குது.

"எலும்பு வீடு மாதிரி இல்லப்பா, ஒரு தடவை கட்டிட்டு வுட்றதுக்கு. உள்ள ஒருத்தன் இடிச்சுக்கினே இருப்பான், ஒருத்தன் கட்டிக்கினே இருப்பான். கால் மேல பாரம் வுழுந்தா தான் கட்றவன் வேலைக்கு வருவான். நீ படுத்துட்ட. இடிக்கிறவன் மட்டும் தினம் டூட்டிக்கு வந்துக்கினு இருக்கான்"னு சொன்னாரு டாக்டர்.

"இப்பிடியே போனா சார்?"

"ஸ்க்ரூ கடிச்சு நிக்க எடம் இல்லாம போயிடும். பிளேட்டு ஆடும். திரும்ப கிழிக்கணும். அப்போ இப்ப மாதிரி கால் வருமான்னு என்னால சொல்ல முடியாது." அப்புறம் என் சீட்டைப் புரட்டிப் பாத்தாரு. "போன தடவையே லேசா காலைத் தரையில ஊன ஆரம்பின்னு சொன்னேனே, ஏன்பா ஊனல?"

நான் அம்மாவைப் பாத்தேன். அம்மா எக்ஸ்ரேவையே பாத்துக்கினு இருந்துச்சு.

கால் எப்பிடி ஒடஞ்சுச்சுன்னு சொல்லிட்றேன். நானும் எங்க அண்ணன் தணிகாவும் ஒரே சாயப்பட்டறையில வேலை. அப்பா நாங்க சின்னதா இருக்கும்போதே போயிட்டாரு. அம்மா ஒரு மெஸ்ஸுல பாத்திரம் தேய்க்குது. கார்த்திகை மாசம் நல்ல மழை. தாமல் ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போவுதுன்னு எல்லாரும் வீடியோ போட்டாங்க. "வாடா வேலு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்"னுச்சு அண்ணன். பைக்குல போனோம், பாத்தோம். தண்ணி சத்தத்துல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்கு கேக்கல, கத்திக் கத்திப் பேசி சிரிச்சோம். திரும்பி வரும்போது ஹைவேல முன்னாடி போன லாரி பிரேக் போட்டுச்சு. எனக்கு ஞாபகம் இருக்கறது அவ்ளோ தான்.

கண்ணு முழிச்சப்போ பெரியாஸ்பத்திரியில இருந்தேன். தொடை எலும்பு முட்டிக்கு மேல நொறுங்கிப் போச்சுன்னு சொன்னாங்க. "அண்ணன் எங்க?"ன்னேன். "வேற வார்டுல கீறான், அவனுக்கும் அடி தான், நீ படு"ன்னுச்சு அம்மா. ஒரு நர்ஸு அக்கா வந்து, "உங்க அண்ணன் கையை நான் தான் தம்பி தொடச்சேன். ரத்தம்னு நெனச்சு ஸ்பிரிட் போட்டு தேய்க்கறேன், போவவே இல்ல. சாயமாமே"ன்னாங்க. அரக்கு கலர் அது. அன்னிக்கு காலைல தான் அரக்கு போட்டோம். அவங்க அதை சொல்லும்போதே எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. ஆனா கேக்க பயம்.

அப்புறம் சித்தப்பா வந்தாரு, தலை மொட்டையா. "இன்னா சித்தப்பா, திருப்பதி போனியா?"ன்னேன். "ஆமாண்டா"ன்னாரு. சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிக்கினாரு. முதுகு ஆடுச்சு. கொள்ளி வெக்க வேண்டிய தம்பி நான் இங்க படுத்துக்கினு இருக்கேன், அதனால அவரு வெச்சுட்டு வந்துருக்காரு. யாரும் எங்கிட்ட சொல்லல. நானும் தெரிஞ்ச மாதிரி காமிச்சுக்கல. அம்மா என் எதிர்ல அழாது, நான் அம்மா எதிர்ல அழமாட்டேன். அப்பிடியே ஆபரேஷன் ஆச்சு, வீட்டுக்கு வந்தோம், மாசம் போச்சு.

ஒடஞ்ச கால தரையில வெக்கக்கூடாதுன்னு அம்மா கண்டிப்பா சொல்லிடுச்சு. வாக்கர் புடிச்சு ஒத்தக் கால்ல நொண்டி பாத்ரூம் போவேன். மத்த நேரம் கட்டில் தான். காலுக்கு அடியில தலகாணி, வேளைக்கு சூப்பு, ராகி கஞ்சி, முட்டை. மெஸ்ஸு வேலைக்கு லீவு போட்டுட்டு அம்மா கூடவே இருந்துச்சு. டாக்டர் லேசா ஊனச் சொன்னாருன்னு நான் சொன்னப்போ, "அவரு ஆயிரம் சொல்லுவாரு"ன்னுச்சு. நானும் சண்டை போடல. எழுந்து எங்க போறதுன்னு தெரியல எனக்கு. பட்டறைக்குப் போனா அண்ணன் நிக்கற எடம் காலியா இருக்கும்.

இப்பிடி தான் எலும்பு கரைஞ்சுச்சு. அன்பா பாத்துக்கினதுல கரைஞ்சுச்சு.

திரும்ப அட்மிட் பண்ணிட்டாங்க. ரத்தம் எடுத்தாங்க, விட்டமின் டி பாக்கறதுக்கு. வெயில் பட்டா உடம்பே செஞ்சுக்கற சத்தாம் அது, எனக்கு ரொம்பக் கம்மி. அப்புறம் டெக்ஸான்னு ஒரு ஸ்கேன். எலும்புல எவ்ளோ சத்து நிக்குதுன்னு அளக்கறது. யாராவது பயந்துக்கினு இருந்தீங்கன்னா சொல்றேன், அதுல பயப்பட ஒன்னுமே இல்ல. குகை மாதிரி மெஷினுக்குள்ள தள்ள மாட்டாங்க. ஊசி இல்ல, சத்தம் இல்ல. சும்மா மல்லாந்து படுத்தா மேல ஒரு கை மாதிரி போயிட்டு வரும். பயம் எல்லாம் வெளிய பெஞ்சுல உக்காந்து ரிசல்ட்டுக்கு காத்துக்கினு இருக்கும்போது தான். என்ன வந்துச்சுன்னா, வயசானவங்களுக்கு இருக்கற மாதிரி எலும்பு இருக்குதுன்னு வந்துச்சு. எனக்கு இருவத்திமூணு வயசு.

என் பக்கத்து பெட்டுல ஷபீர் பாய். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்றவரு. இடுப்புல அடி. "கவலப்படாத தம்பி, நானும் நீயும் ஒரே மாடல் வண்டி, சேஸிஸ் தான் போச்சு, இஞ்சின் ஓடுது"ன்னுவாரு. அவரு சம்சாரம் கஞ்சி கொண்டாந்தா எனக்கும் ஒரு டம்ளர் ஊத்தி, "வெல்லம் போட்டுருக்கேன்பா, குடி"ன்னு நிப்பாங்க, குடிக்கற வரைக்கும் நவர மாட்டாங்க.

அங்க தான் ஸ்டெல்லா மேடம் வந்தாங்க. பிசியோ. ஏனாத்தூர்ல இருந்து வராங்க. வந்ததும் போர்வையை எடுத்துட்டு என் ரெண்டு தொடையையும் புடிச்சுப் பாத்தாங்க. வலது தொடை பாதி ஆயிருந்துச்சு.

"வேலு, எலும்பு மட்டும் போவல. சதையும் போயிடுச்சு. ரெண்டும் ஜோடி. உனக்கு ஒன்னு சொல்லவா? சதைன்னா எலும்பை இழுக்கற கயிறுன்னு தான் முன்னல்லாம் நெனச்சாங்க. இப்போ என்ன சொல்றாங்கன்னா, சதை வேலை செஞ்சா அதுவே ஹார்மோன் சுரக்குமாம்."

"ஹார்மோன்னா இன்னா மேடம்?"

"உடம்புல ஒரு எடம் இன்னொரு எடத்துக்கு ரத்தம் வழியா சேதி அனுப்பறது."

ஷபீர் பாய் தலையைத் தூக்கி, "வாட்ஸ்அப்பு மாதிரியா மேடம்?"ன்னாரு.

"அதே தான் பாய். உங்களுக்கு சதையே இல்ல, அதான் டவர் கெடைக்கல."

பாய் சிரிச்சு இடுப்பு வலிச்சு "யா அல்லா"ன்னு படுத்துட்டாரு.

மேடம் எங்கிட்ட திரும்பினாங்க. "அதுல ஒன்னு பேரு ஐரிசின். ஓடினா, தூக்கினா, சதை இறுகினா அது ரத்தத்துல வரும். எலும்புக்குப் போய் கட்றவனை எழுப்பி, இடிக்கிறவனை அடக்கும்னு நெனைக்கறாங்க. பின்னங்காலை ஊன வுடாம வெச்சிருந்த எலிக்கு அதைக் குடுத்தா எலும்பு அவ்ளோவா கரையலன்னு பாத்துருக்காங்க."

"எலி சரி மேடம். எனக்கு?"

"அதை உறுதியா சொல்ல முடியாது. மனுஷனுக்கு இன்னும் பாத்துக்கினு தான் இருக்காங்க. வேற மாதிரி சொல்றவங்களும் உண்டு. இருக்கலாம், அவ்ளோ தான். உங்கிட்ட பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போவுது? ஆனா சதைக்கு வேலை குடுத்தா எலும்புக்கு நல்லதுங்கறது மட்டும் பழைய விஷயம், நிச்சயமான விஷயம்."

எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. "கை வேலை செஞ்சாலும் அதே ரத்தம் தானே கால்ல ஓடுது?"

மேடம் என்னைப் பாத்து சிரிச்சாங்க. "அதான். கையில ஆரம்பி. ஆனா கையோட நிறுத்தக்கூடாது. எலும்பு கடைசியில பாரத்துக்குத் தான் மசியும். கால ஊனியே ஆவணும்."

கைக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சேன். எங்க பட்டறையில நூலை வளையமா சுத்துன கட்டு, சிட்டம்னுவோம், அதை சாயத்துல முக்கி எடுத்து, ஒரு தலைப்பை செவுத்துக் கட்டையில மாட்டி, இன்னொரு தலைப்புல கம்பு சொருகி முறுக்கிப் பிழிவோம். தோள்ல இருந்து முதுகு வரைக்கும் இறுகும். அம்மாகிட்ட போர்வையை நனைச்சு கட்டில் கம்பியில மாட்டித் தரச் சொல்லி, உக்காந்தபடியே முறுக்க ஆரம்பிச்சேன். மேடம் பாத்துட்டு, "இது நல்லா இருக்குதே, முறுக்கும்போது தொடையையும் இறுக்கிப் புடி"ன்னாங்க. ஆயாம்மா தான் "வார்டையே குளமாக்கறான் இவன்"னு திட்டிக்கினே தொடைப்பாங்க.

முறுக்கும்போது ரெண்டு நாள் ஒன்னும் தெரியல. அப்புறம் ஒரு நாள் பக்கத்துல அண்ணன் நின்னு முறுக்கற மாதிரியே இருந்துச்சு. அது என்னை விட ஒரு சுத்து ஜாஸ்தி முறுக்கும், "பாத்தியா"ன்னு கண்ணடிக்கும். போர்வையை வுட்டுட்டு மூஞ்சை மூடிக்கினேன். ஷபீர் பாய் செல்லுல பாட்டு சத்தத்தை ஏத்தி வெச்சாரு.

கை வேலை ஆச்சு. கால ஊன்ற நாள் வந்துச்சு. மேடம் வாக்கரைக் கொண்டாந்து நிறுத்துனாங்க. அம்மா குறுக்க வந்து நின்னுச்சு.

"வேணாம் மேடம்."

"ஏம்மா?"

"வேண்டிக்கினு இருக்கேன். இவன் ஆபரேஷன் ரூம்ல இருக்கும்போது எங்க பொன்னியம்மன்கிட்ட வேண்டிக்கினேன். ஒடஞ்ச கால் கூடினதும் மொத அடி உன் வாசல்ல தான் வெப்பான், அது வரைக்கும் அந்தக் கால் தரையில படாதுன்னு."

அப்போ தான் எனக்கே தெரியும். மேடம் கோச்சுக்கல. "எங்கம்மாவும் எனக்காக மாதாவுக்கு இப்பிடி நெறய வேண்டி வெச்சிருக்காங்க. சரி, ஒரு ஆட்டோ புடிச்சு கோயில் வாசல்ல மொத அடி வெச்சுட்டு வந்துடுங்க. நானே கூட வரேன்"ன்னாங்க.

"எப்பிடி மேடம் போறது? சாவு வுழுந்த வீடு. ஒரு வருஷம் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது எங்களுக்கு."

ஷபீர் பாய் தான் மெதுவா, "ரெண்டு கேட்டையும் நீங்களே பூட்டிட்டீங்களேம்மா"ன்னாரு.

சித்தப்பா போய் பூசாரியைக் கேட்டுட்டு வந்தாரு. "மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சுட்டு, அப்புறமா செய்யறேன்னு சொல்லுங்க, அம்மன் ஏத்துக்கும்னு சொல்றாரு அண்ணி. ஊர்ல எல்லாம் அப்பிடித் தான் பண்றாங்க."

அம்மா தலையை ஆட்டுச்சு. "அப்புறமான்னு தான் ஒருத்தனை வுட்டேன்."

"இன்னா அண்ணி சொல்ற?"

"பெரியவனுக்கு சின்ன வயசுல காமாலை வந்தப்போ, அவன் வளந்து பால்குடம் எடுப்பான்னு வேண்டிக்கினேன். ஆடிக்கு ஆடி தள்ளிப் போட்டேன். ஒரு வருஷம் பட்டறையில லீவு இல்ல, ஒரு வருஷம் எனக்கு உடம்பு சரியில்ல. போன ஆடியும் அப்பிடியே போச்சு. கார்த்திகைல எடுத்துக்கிச்சு. இன்னொரு வேண்டுதலைத் தள்ளி வெச்சு இவனையும் குடுக்கச் சொல்றியா?"

சித்தப்பா கைய கட்டிக்கினு நின்னாரு. எனக்கு அது வரைக்கும் அம்மா மேல உள்ளுக்குள்ள ஒரு கோவம் இருந்துச்சு, என்னை இப்பிடி கட்டில்ல போட்டு வெச்சுருக்குதேன்னு. அன்னிக்கு போயிடுச்சு. இவ்ளோ மாசமா இதை வயித்துல வெச்சுக்கினு தான் எனக்கு கஞ்சி ஊட்டிக்கினு இருந்துச்சு. லாரி பிரேக் போட்டதுக்கு அம்மா தன்னைத் தானே திட்டிக்கினு இருந்துச்சு.

மறுநாள் மேடம் ஒரு எடை மெஷின் கொண்டாந்தாங்க. கடையில ஏறி நிப்போமே, முள்ளு ஆட்ற மெஷின். "அம்மா, நான் நடக்கச் சொல்லல. இது மேல ஒரு காலை வெச்சு லேசா அழுத்தட்டும். முழு பாரம் வேணாம். முள்ளு கொஞ்சம் நவுந்தா போதும். எலும்புக்கு அந்த சேதி போவணும், அவ்ளோ தான்."

அம்மா மெஷினைப் பாத்துச்சு. என் தொடையைப் பாத்துச்சு. தினம் எண்ணெய் தடவுறது அம்மா கை தான், தொடை எவ்ளோ இளைச்சுக்கினு வருதுன்னு யாரை விடவும் அதுக்குத் தெரியும். திடீர்னு முந்தானையை இடுப்புல சொருகிக்கினு கீழ உக்காந்துச்சு. மெஷினைத் தள்ளி வெச்சுட்டு ரெண்டு கையையும் மல்லாத்தி தரையில வெச்சுச்சு.

"இது மேல வைடா."

"அம்மா!"

"தரையில தானே படக்கூடாதுன்னேன். என் கையில படலாம்."

மேடம் தள்ளி வெச்ச மெஷினைப் பாத்தாங்க. அப்புறம், "எவ்ளோ அழுத்தறான்னு முள்ளைப் பாத்தா தானேம்மா எனக்குத் தெரியும்?"ன்னாங்க.

"எவ்ளோன்னு எனக்குக் காமி. நான் சொல்றேன்."

மேடம் கீழ உக்காந்தாங்க. அம்மா கையை மெஷின் மேல வெச்சு, அது மேல தன் கையை வெச்சு, முள்ளு வேண்டிய எடத்துக்கு வர வரைக்கும் அழுத்துனாங்க. "இவ்ளோ தான். இதைத் தாண்டுனா கத்திடுங்க."

"சரி."

நான் வாக்கரைப் புடிச்சு எடது கால்ல நின்னேன். வலது காலைக் கீழ எறக்கினேன். எங்கம்மா கை சொரசொரன்னு இருந்துச்சு, சோப்புத் தூள்ல ஊறி வெடிச்ச கை. வெச்சேனே தவிர அழுத்த மனசு வரல. பெத்தவ கைய எப்பிடி மிதிக்கறது?

"இன்னாடா இது, ஈ வந்து உக்காந்த மாதிரி இருக்குது. அழுத்து."

கொஞ்சம் அழுத்தினேன். தொடையில ஊசி குத்தற மாதிரி வலி ஏறுச்சு.

"இன்னும்."

"உனக்கு வலிக்கும்மா."

"உன்னைக் கேட்டேனா? அழுத்துடா, மேடம் காமிச்சதுல பாதி கூட வரல."

அழுத்தினேன். என் பாரம் அம்மா கையில எறங்கறது எனக்கே தெரிஞ்சுச்சு. தொடை நடுங்குச்சு. அம்மா குனிஞ்சு என் பாதத்தையே பாத்துக்கினு இருந்துச்சு. அப்புறம் சொல்லுச்சு, "தணிகாவும் இப்பிடித் தான் மொதல்ல என் கை மேல நின்னான். நிக்கத் தெரியாம ஆடுவான். வுழுந்துடுவான்னு கீழயே கைய வெச்சுக்கினு இருப்பேன்."

கார்த்திகையில இருந்து அன்னி வரைக்கும் அம்மா வாயில அந்தப் பேரு வரல. நானும் சொல்லல. "அம்மா, அண்ணன் போனது எனக்கு அப்பவே தெரியும்மா. சித்தப்பா மொட்டையைப் பாத்தப்பவே தெரியும்"னேன். "உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்டா"ன்னுச்சு. அப்புறம் ரெண்டு பேரும் சத்தம் போட்டு அழுதோம். வார்டுல எல்லாரும் பாத்தாங்க, பாக்கட்டும்னு அழுதோம். நான் காலை எடுக்கல. அம்மா கைய எடுக்கல. மேடம் என் இடுப்பைப் புடிச்சுக்கினு நின்னாங்க, அவங்க கண்ணுலயும் தண்ணி. "சிவந்து போச்சும்மா கை, இன்னிக்கு போதும்"னாங்க கடைசியில.

அதுக்கப்புறம் தினம் அப்பிடித் தான். காலைல ஒரு வேளை, சாயந்திரம் ஒரு வேளை அம்மா கை. நடுவுல போர்வை முறுக்கறது, தொடையை இறுக்கிப் புடிக்கறது, ஜன்னல் வெயில்ல உக்கார்றது, மாத்திரை. பாரம் ஏற ஏற கை தாங்காதுன்னு மேடம் சொன்னதும், ஒரு நாள் காலைல அம்மா தானே எழுந்து போய் அந்த மெஷினைத் தூக்கிக்கினு வந்து என் கால் கிட்ட வெச்சுச்சு. அப்புறம் ஒரு நாள் மெஷினையும் எடுத்துடுச்சு. என் கால் தரையில பட்டுச்சு.

போன தடவை எக்ஸ்ரே எடுத்தப்போ புகை மாதிரி இருந்தது கொஞ்சம் வெள்ளையா தெரிஞ்சுச்சு. ஸ்க்ரூ ஆடலன்னாரு டாக்டர். இன்னொரு ஆபரேஷன் வேணாம்னு எழுதிட்டாரு. ஊனினதால வந்துச்சா, மாத்திரையாலயா, இல்ல அந்த ஐரிசின் நெஜமாவே ரத்தத்துல போய் எதாவது பண்ணுச்சான்னு கேட்டேன். "தனித்தனியா பிரிச்சு சொல்ல முடியாதுப்பா. எதையும் நிறுத்தாத"ன்னாரு. உங்க வீட்ல யாராவது இப்பிடி படுத்துக்கினு இருந்தா நானும் அதைத் தான் சொல்லுவேன். டாக்டர் ஊனுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஊனாதீங்க. சொன்னப்புறம் ஊனாம இருக்காதீங்க. கால் வேலை செய்ய முடியலன்னா கைக்காவது வேலை குடுங்க.

இப்போ ஸ்டிக் வெச்சு தெரு முனை வரைக்கும் போயிட்டு வரேன். வரும் கார்த்திகையோட வருஷம் முடியுது. அப்போ ரெண்டு பேரும் பொன்னியம்மன் கோயிலுக்குப் போவணும்னு பேசிக்கினு இருந்தோம். "மொத அடி அங்க வெக்கலயே, அம்மன்கிட்ட இன்னா சொல்லுவ?"ன்னு கேட்டேன்.

அம்மா கீரை ஆய்ஞ்சுக்கினு இருந்துச்சு, நிமிந்து கூட பாக்கல.

"நான் எதுக்கு சொல்லணும்? அது சொல்லட்டும், எம் பெரிய புள்ளைய ஏன் எடுத்துச்சுன்னு."